மேட்டு வீட்டின் கணக்கு

ரொறொன்ரோவுக்கு ஊரிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விருந்தினர் வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது எங்கள் சனத்துக்குள் எழுதாத சட்டமாகிவிட்டது. முதல் நாள் நயாகரா. அடுத்த நாள் சீஎன் கோபுரம். மூன்றாம் நாள், மழையென்றாலும் பாதகமில்லை என்பதால், காஸா லோமா. நயாகராவுக்கும் காஸா லோமாவுக்கும் இடையே உள்ள தொடுப்பை அநேகமாக ஒருவரும் சொல்வதில்லை. அருவிக்குச் சற்று மேலே, ஆற்றங்கரையோரம், வரிசையாகத் தூண்கள் வைத்த பழைய மின்நிலையம் ஒன்று இருக்கிறது. 1974இல் ஓய்வுபெற்ற அந்தக் கட்டடத்தை வாகனத்தில் கடந்து போயிருப்பீர்கள். அதை வரைந்தவரும் காஸா லோமாவை வரைந்தவரும் ஒரே கட்டடக் கலைஞர்: ஈ. ஜே. லெனொக்ஸ். அதற்கு முதல் போட்ட மூவரில் ஒருவர்தான் காஸா லோமாவின் சொந்தக்காரர்.

இந்த வீட்டைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை எனக்கு நெடுநாளாக ஒத்துவரவில்லை. கட்டடத்தையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம் என்றால், இந்தக் கட்டடம் தன் சொந்தக்காரரின் கதைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது என்பது என் வாதம்.

முதலில் வழக்கமான கதை. ஹென்றி மில் பெலற் 1859இல் கிங்ஸ்ரனில் பிறந்தவர். தகப்பன் பங்குத் தரகர், மகனும் அதே தொழிலில் இறங்கினார். 20 வயதில் நியூயோர்க்கில் ஒரு மைல் ஓட்டத்தில் அமெரிக்கப் பட்டத்தை வென்றவர். 1883இல் தொடங்கிய ரொறொன்ரோ மின்விளக்குக் கொம்பனியால் பணக்காரரானார். 1905இல் சேர் பட்டம். 1910இல் தான் தலைமை தாங்கிய படைப்பிரிவின் அறுநூறுக்கு மேற்பட்டவர்களைத் தன் சொந்தச் செலவில் கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோனார். 1911 முதல் 1914 வரை, ஏறத்தாழ 300 தொழிலாளர்களை வைத்து, 35 இலட்சம் டொலர் செலவில், 98 அறைகளோடு இந்த வீட்டைக் கட்டினார். பத்து வருடம்கூட அதில் வாழக் கிடைக்கவில்லை. மின்சாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. ஆண்டுக்குச் சில நூறு டொலராக இருந்த ஆதனவரியை நகரசபை 12,000 டொலர் ஆக்கியது. 1924இல் வீட்டுச் சாமான் எல்லாம் ஏலம் போனது. மனைவி மேரி அதே ஆண்டில் கண்மூடினார். 1939இல் அவரும் போனார், தன் பழைய சாரதியின் வீட்டில் என்று சொல்வார்கள்.

இதைக் கேட்டு முடிக்கும்போது எங்கள் விருந்தினர் எல்லாரும் "பாவம் மனுசன்" என்பார்கள். நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். அதில் அதிசயமில்லை. வீட்டை விட்டு எழும்பி வந்த சனம் நாங்கள். ஒரு மனிதன் தான் கட்டிய வீட்டிலிருந்து கட்டிலும் கண்ணாடியும் ஏலத்தில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்றால் எங்களுக்குள் என்னவோ அசைகிறது. யாழ்ப்பாணத்தில் கதவு நிலைகூட மிஞ்சாமல் போன வீடுகளை நினைக்கிறோம். அந்த இரக்கத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. அது போய்ச் சேரவேண்டிய ஆட்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் கதையில் ஒரு பக்கமும் கிடைக்கவில்லை.

வீடு நிற்கும் மேட்டிலிருந்து தொடங்குவோம். கீழே வளைந்து போகும் டவன்போர்ட் வீதி, பனியுகத்தின் முடிவில் இங்கே விரிந்து கிடந்த இரோகுவா ஏரியின் பழைய கரையடியில் ஓடுகிறது. பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை அது. நகரத்தின் சதுரக் கட்டங்களுக்கு அது அடங்காமல் கோணலாய்ப் போவது அதனால்தான். அந்தக் கரையின் மேல்தான் வீடு. பக்கத்தில் 110 படிகள் கொண்ட போல்ட்வின் படிக்கட்டு. பக்கத்து வீதியின் பெயரான ஸ்படைனா, மேட்டைக் குறிக்கும் அனிஷினாபெ சொல்லிலிருந்து வந்தது. காஸா லோமா என்றால் ஸ்பானிய மொழியில் மேட்டு வீடு. ஒரே மேட்டுக்கு இரண்டு பெயர். ஒன்று அந்த இடத்திலேயே விளைந்தது. மற்றது, ஸ்பானியர் ஒருவரும் இல்லாத ஊருக்கு எங்கிருந்தோ இறக்குமதியானது. வீட்டின் இயல்பு அந்தப் பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. நாங்கள் தமிழில் இதைக் கோட்டை என்றும் அரண்மனை என்றும் எழுதுகிறோம். கோட்டைக்கு ஒரு போர் வேண்டும், அரண்மனைக்கு ஒரு அரசன் வேண்டும். இதற்கு இரண்டும் இருந்ததில்லை.

வீதிக்கு அந்தப் பக்கம் ஸ்படைனா மாளிகை இருக்கிறது. 1866இல் ஜேம்ஸ் ஒஸ்ரின் என்பவர் கட்டியது. அயர்லாந்திலிருந்து சிறுவனாக வந்து, டொமினியன் வங்கியைத் தொடங்கி, எரிவாயுக் கொம்பனிக்கும் தலைவராக இருந்தவர். வாயு விளக்கில் பணம் சேர்த்தவர் ஒரு பக்கம், மின்விளக்கில் சேர்த்தவர் மறுபக்கம். ஒஸ்ரின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து, கடைசியில் வீட்டை அரும்பொருளகமாக விட்டுப் போனது. அந்த வீட்டில் ஒரு நாற்காலி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் கிடைக்கும், அங்கே யாரோ இருந்திருப்பார்கள். காஸா லோமாவில் பெரும்பாலான தளபாடம் பின்னாளில் தேடிக்கொண்டுவந்து வைத்தது. விருந்தினரை நாங்கள் கூட்டிப்போவது எந்த வீட்டுக்கு என்று சொல்லத் தேவையில்லை. வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் கோபுரம் தெரிகிற வீட்டுக்குத்தான்.

இனி மின்சாரம். 1903இல் பெலற்றும் வில்லியம் மக்கென்சி, பிரெடெரிக் நிக்கொல்ஸ் ஆகிய இருவரும் சேர்ந்து நயாகராவில் கனடியப் பக்கத்தில் மின்சாரம் எடுக்கும் உரிமையைப் பெற்றார்கள். நான் முதலில் சொன்ன தூண் வைத்த கட்டடம் அதற்காக எழுந்தது. 1906இல் நயாகராவின் மின்சாரம் ரொறொன்ரோவுக்கு வந்தது. தெருவிளக்கும் டிராம் வண்டியும் இந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தன. விளக்கு எரிய வேண்டுமென்றால் இவர்கள் சொன்ன விலைதான். அதே ஆண்டில் ஒன்ராறியோ அரசு பொது மின்சார ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் அடம் பெக், சுருட்டுப் பெட்டி செய்த ஒரு வியாபாரி. மின்சாரத்தை அடக்கவிலைக்கே ஊர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். ரொறொன்ரோ வாக்காளர்களும் அதற்கே வாக்களித்தார்கள். வழக்கமான கதையில் "அரசு எடுத்துக்கொண்டது" என்று ஒரு வசனத்தில் முடிவது இந்தச் சங்கதி. விளக்குக்குக் காசு கட்டியவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும்.

1911ஆம் ஆண்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டில் பொது மின்சாரம் ரொறொன்ரோவுக்கு வந்து, நகரசபைக் கட்டடத்தின் முன்னால் சனம் கூடிநிற்க விளக்கு எரிந்தது. அந்த நகரசபைக் கட்டடமும் லெனொக்ஸ் வரைந்ததே. அதன் மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழல் விழும் தூரத்தில் 'வோர்ட்' என்று அழைக்கப்பட்ட குடியிருப்பு இருந்தது. யூதர், இத்தாலியர், சீனர், கறுப்பினத்தவர் என்று வந்திறங்கியவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அதே 1911இல் நகரின் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் ரொறொன்ரோவின் சேரிகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். வெளிச்சம் புகாத அறைகள், வடிகால் இல்லாத வீடுகள், பல குடும்பங்களுக்கு ஒரு வெளிக் கக்கூசு. நகரின் முதல் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆர்தர் கொஸ் அந்த ஆண்டில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அவர் அந்தப் பகுதிகளில் எடுத்த படங்கள் நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, கட்டாயம் பாருங்கள். அதே ஆண்டில் காஸா லோமாவின் வேலை தொடங்கியது. குளியலறை மட்டும் முப்பது.

தன் ஏகபோகம் உடைந்த ஆண்டில் ஒருவர் நாட்டிலேயே மிகப் பெரிய தனி வீட்டைக் கட்டத் தொடங்குகிறார். இதைக் கனவு என்று சொல்கிறார்கள். நான் இருபது வருடமாகக் கணினி ஆலோசகனாக வேலை செய்கிறேன். வருமானம் வரும் வழி மூடப்பட்ட பிறகு தலைமையகத்தைப் புதிதாகக் கட்டும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். பளிங்கு வரவேற்பறை முதலீட்டாளருக்கான கடிதம். எங்களிடம் இன்னும் இருக்கிறது, நம்புங்கள், இன்னும் தாருங்கள் என்று எழுதப்பட்ட கடிதம். பெலற் வீட்டைச் சுற்றியிருந்த காணிகளையும் வாங்கி வைத்திருந்தார், இந்த வீட்டைப் பார்த்துப் பணக்காரர் மேட்டுக்கு ஏறி வருவார்கள், காணி விலை ஏறும் என்ற கணக்கில். அப்படிப் பார்த்தால் இந்தக் கோபுரங்கள் காணி விற்பனைக்கு நட்ட விளம்பரப் பலகைகள்.

கட்டடமாக இது எப்படி? நியாயமாகச் சொல்லவேண்டும். செடிகளுக்கான கண்ணாடிக் கூடம் உண்மையிலேயே அழகு. நிறக்கண்ணாடிக் குவிமாடம், பளிங்குத் தளம், பூப்பாத்திகளுக்கு அடியில் நீராவிக் குழாய். பெப்ரவரியில் வெளியே பனி கொட்டும்போது அதற்குள் நின்றால் இந்த நாட்டுக் குளிரைப் புரிந்துகொண்ட ஒரு அறையாவது இந்த வீட்டில் இருக்கிறது என்று தோன்றும். ஓக் மரப் பலகை பதித்த அறையில் மூன்று சிற்பிகள் மூன்று வருடம் செதுக்கினார்கள் என்கிறார்கள். கைவேலையைப் பார்த்தால் நம்பலாம். மற்றபடி லெனொக்ஸ் இங்கே தன் நல்ல வேலையைச் செய்யவில்லை என்பதே என் எண்ணம். அவருடைய நகரசபைக் கட்டடத்தில் ஒரு பாணி இருக்கிறது, அது ஒரு நிறையோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது. இங்கே ஒரு கோபுரம் நோர்மன், ஒரு கோபுரம் ஸ்கொட்லாந்து, நடைகூடம் வின்ட்ஸர் கோட்டையைப் பார்த்துச் செய்தது. சொந்தக்காரர் ஐரோப்பாவில் பார்த்து விரும்பியதையெல்லாம் கேட்டிருக்கிறார், கட்டடக் கலைஞர் இல்லையென்று சொல்லவில்லை. 60 அடி உயரப் பெருங்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கலாம். உட்கார்ந்து பேச ஒரு மூலை தேடினால் கிடைக்காது.

வெளிப்புறத்தில் செதுக்கிய கல்போலத் தெரியும் அலங்காரங்களில் பெரும்பகுதி வார்ப்புக்கல், அதாவது அச்சில் ஊற்றிய சீமெந்துக் கலவை. நூற்றாண்டு கால உறைபனியில் அது வெடித்து உதிர, நகரசபை வருடக்கணக்காகப் பெருந்தொகை செலவழித்துத் திருத்தியது. ஊற்றியெடுத்த கல்லில் ஒரு குற்றமுமில்லை, அந்தக் காலத்தில் அது புதுத் தொழில்நுட்பம். ஆனால் 59 தொலைபேசியும் மின்தூக்கியும் சுவருக்குள்ளே பதித்த தூசி உறிஞ்சும் குழாயும் உள்ள வீடு, வெளியே மட்டும் ஐந்நூறு வருடப் பழமையை நடிக்கிறது. தன் காலத்தின் மிகப் புதிய பணத்தால், மிகப் புதிய இயந்திரங்களோடு கட்டப்பட்ட வீட்டுக்குத் தன் காலத்தைச் சொல்ல வெட்கம்.

எந்த நிறுவனத்துக்கு வேலைக்குப் போனாலும் முகப்பில் நிற்காமல் இயந்திரம் இருக்கும் அறையைக் காட்டச் சொல்வது என் தொழில் பழக்கம். இங்கேயும் கீழே போனால்தான் விஷயம் விளங்குகிறது. நிலவறையில் நீச்சல்குளமும் மூன்று பந்துருட்டுத் தடங்களும் திட்டமிட்டு, முடிக்காமலே விடப்பட்டன. பின்னாளில் அந்தக் குளக் குழிக்குள்ளேயே பெலற்றைப் பற்றிய படமொன்றை ஓட்டினார்கள், தண்ணீர் வரவேண்டிய இடத்தில் அவர் கதை ஓடியது. அங்கிருந்து ஏறத்தாழ 800 அடி நீளச் சுரங்கப்பாதை வீதிக்கு அடியால் குதிரை லாயத்துக்குப் போகிறது. வீட்டுக்கு முன்பே கட்டி முடித்தது லாயத்தைத்தான். குதிரைக்கு மகோகனி மரத் தடுப்பு, ஒவ்வொன்றின் பெயரும் பொன்னெழுத்தில். வோர்ட் குடியிருப்பைப் பற்றிய ஹேஸ்ரிங்ஸின் அறிக்கையை வாசித்துவிட்டு இந்த லாயத்துக்குள் போனால் தரையின் ஓடு வேலைப்பாட்டை ரசிப்பது கஷ்டம்.

என் பெரியம்மா ஊரிலிருந்து வந்தபோது இந்த வீட்டைக் காட்டினேன். மேல்மாடிவரை ஏறி, மூச்சு வாங்க ஒரு வாங்கிலில் இருந்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "தம்பி, இதெல்லாத்தையும் ஆர் கூட்டித் துடைச்சது?" வீட்டுக்கு ஏறத்தாழ 40 வேலையாட்கள் இருந்தார்கள் என்று சொன்னேன். "அவையின்ர படம் ஒண்டும் இல்லையோ?" என்றா. நாங்கள் பார்த்து வந்த அறைகளில் ஒருவருடைய முகமும் எங்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை. இந்த வீட்டைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் இதைவிடச் சரியானதை இதுவரை காணவில்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். வழக்கமான கதையில் ஒரு வங்கி 'விழுந்தது' என்று வரும், மழை பெய்தது என்பதுபோல. அந்த வங்கியின் பெயர் ஹோம் வங்கி. அதன் வேர் 1854இல் ரொறொன்ரோவின் கத்தோலிக்க ஆயர் தொடங்கிய ஒரு சேமிப்பு வங்கியில் இருக்கிறது. ஏன் தொடங்கினார்? 1847ஆம் ஆண்டுக் கோடையில், அயர்லாந்துப் பஞ்சத்திலிருந்து தப்பிய 38,000க்கும் மேற்பட்டவர்கள் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது நகரின் சனத்தொகையே இருபதாயிரம் அளவுதான். காய்ச்சலில் செத்தவர் போக மிஞ்சியவர்கள் இங்கேயும் மற்ற ஊர்களிலும் கூலிகளாக, வீட்டு வேலைக்காரிகளாக வாழத் தொடங்கினார்கள். அந்த மாதிரி ஏழை அயர்லாந்துச் சனம் சில்லறையைச் சேர்த்துவைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அகதிகளின் சேமிப்புப் பெட்டி என்று அதைச் சொன்னால் மிகையாகாது. அரை நூற்றாண்டு கழித்து அது ஹோம் வங்கி என்ற பெயரில் முழு வங்கியாகி, மேற்கு மாகாணங்களின் கோதுமை விவசாயிகள்வரை கிளை பரப்பியது.

1923 ஓகஸ்ட் 17ஆம் திகதி ஹோம் வங்கி கதவை மூடியது. வைப்பாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர். பெலற்றின் கொம்பனிகள் அந்த வங்கிக்குக் கொடுக்கவேண்டியிருந்த கடன் மட்டும் 17 இலட்சம் டொலர். விலை ஏறும் என்று வாங்கி வைத்த காணியும் பங்குகளுமே அதற்கு ஈடு. போர் வந்து, பணக்காரர் மேட்டுக்கு ஏறி வராமல், காணி விலையும் ஏறாமல் போனபோது ஈடு வெறும் காகிதமானது. வங்கி விழுந்ததற்குப் பெலற் ஒருவரே காரணம் என்று சொல்லமாட்டேன். வேறு பெருங்கடன்காரரும் இருந்தார்கள், வங்கியை நடத்தியவர்கள் கணக்கை மறைத்தார்கள், வழக்கும் அவர்கள்மேல்தான் வந்தது. 1924இல் ஒரு அரச ஆணைக்குழு விசாரித்தது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் சிறு வைப்பாளர்களுக்கு 35 சதவீதம்வரை நிவாரணம் கொடுக்கச் சட்டம் செய்தது. அதே ஆண்டு வங்கிகளை மேற்பார்வை செய்ய ஒரு தலைமைப் பரிசோதகர் பதவியும் உருவானது. வைப்புக் காப்புறுதி வர 1967 ஆகியது.

ஒரு டொலரில் 35 சதம் என்றால் என்ன என்பது எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. ஸ்காபரோவில் சீட்டுக் கட்டிய தலைமுறைக்கு அது கைரேகை மாதிரித் தெரியும். என் மாமி இரண்டு தொழிற்சாலையில் மாறி மாறி வேலை செய்து கட்டிய சீட்டு, எடுக்கவேண்டிய மாதத்துக்கு இரண்டு மாதம் முன்னால், பிடித்தவரோடு சேர்ந்து காணாமல் போனது. மாமி அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்த மனிதர் அதற்கு முந்தின வருடம் வாங்கிய வீட்டைப் பற்றி மட்டும் இன்றைக்கும் சொல்லுவா: கேற்றில் இரண்டு சிங்கம், உள்ளே வளைந்த படி. குடிபுகுதலுக்குப் போய்ப் பரிசும் கொடுத்திருக்கிறா. காஸா லோமாவின் பெருங்கூடத்தில் நின்றால் எனக்கு அந்தச் சிங்கங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆகவே வரியால் வீழ்ந்த மனிதன் என்ற கதைக்குத் திரும்பினால், வரிசை வேறு மாதிரி இருக்கிறது. விளக்குக்கு விலை வைத்தவரின் விலையை ஊர் மறுத்தது. மறுக்கப்பட்ட வருமானத்தின் இடத்தில் கடன் வந்தது. கடன், சிறு சேமிப்பாளரின் வங்கியிலிருந்து வந்தது. வரி என்பது நகரின் மிகப் பெரிய வீட்டுக்கு நகரம் கேட்ட பங்கு. ஏலத்தில் 15 இலட்சம் பெறுமதியான சாமான்கள் இரண்டரை இலட்சத்துக்குப் போயின என்று சொல்லி இரங்குவார்கள். அறுபதாயிரம் வீடுகளில் அந்த மாதங்களில் என்ன விற்கப்பட்டது என்பதற்கு ஏலப் பட்டியல் ஒன்றும் இல்லை.

பெலற் கெட்ட மனிதர் என்று நிறுவுவது என் நோக்கமல்ல. மருத்துவமனைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தவர். மேரி பெலற் 1912இல் கனடியப் பெண் சாரணியரின் முதல் தலைமை ஆணையாளரானார், பிள்ளைகளை இந்த வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்தார். அவருடைய அந்த வேலை வீட்டைவிட நீடித்தது. 1939இல் பெலற்றின் இறுதி ஊர்வலத்தைப் பார்க்க வீதியோரம் பெருந்தொகையான சனம் நின்றது. அவர்களில் ஹோம் வங்கியில் பணம் வைத்தவர்களும் இருந்திருப்பார்கள். மனிதருக்கு மன்னிப்பு உண்டு. கதைக்குச் சலுகை கொடுப்பதுதான் எனக்குப் பிரச்சினை.

அவர் போன பிறகு வீட்டுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1920களின் கடைசியில் ஹோட்டலாக்கிப் பார்த்தார்கள். அங்கே எட்டு மாதம் வாசித்த வாத்தியக்குழு காஸா லோமா இசைக்குழு என்ற பெயரோடு அமெரிக்காவில் புகழ்பெற்றது, ஹோட்டல் படுத்துவிட்டது. 1933இல் 27,303 டொலர் வரி நிலுவைக்காக நகரசபை வீட்டை எடுத்துக்கொண்டது. 35 இலட்சத்துக்குக் கட்டியது அந்த விலைக்குக் கைமாறியது. இடித்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது. 1937இல் கிவானிஸ் சேவைக்கழகம் குத்தகைக்கு எடுத்துப் பொதுமக்களுக்குத் திறந்து, 2011வரை நடத்தியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மேலே சுற்றுலாப் பயணிகள் நடந்து திரிய, அந்த லாயத்துக்குள் இரகசியமாக நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் ஒலிக்கருவிகள் செய்தார்கள். முழு வளாகத்தின் வரலாற்றிலும் அதுதான் பயனுள்ள வேலை என்று நினைக்கிறேன், அதுவும் மகோகனித் தடுப்புகளுக்கு நடுவில். 2014 முதல் ஒரு விருந்தோம்பல் நிறுவனம் நடத்துகிறது. சினிமாப் படப்பிடிப்பு, இரவு விருந்து, கலியாணம்.

யாழ்ப்பாணத் தமிழில் ஒரு வழக்கு உண்டு. கலியாண வீடு, சாமத்திய வீடு, செத்த வீடு என்போம். எங்களுக்கு வீடு என்பது சனம் கூடும் நிகழ்வுக்கும் பெயர். மண்டபத்தில் நடந்தாலும் அது கலியாண வீடுதான். இங்கே பிறந்த பிள்ளைகளும், தமிழை அரைகுறையாகப் பேசுபவர்கள்கூட, இந்தச் சொல்லை மட்டும் பிழையில்லாமல் சொல்வார்கள். காஸா லோமா இருந்து வாழும் வீடாகப் பத்து வருடம் தோற்றது. கூடும் வீடாக எண்பது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருங்கூடம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு போடும்போதுதான் அளவாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சேலையிலும் சேர்வானியிலும் அந்தப் படிகளில் நின்று படமெடுப்பதைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நகரின் சொத்து அது, வரியாகச் சேர்ந்த வீடு. வரி கட்டுகிறவர்கள் அதில் நின்று படமெடுக்கட்டும். படம் எடுக்கும் சுவருக்கு ஓரத்தில் ஹோம் வங்கி வைப்பாளர் ஒருவரின் சேமிப்புப் புத்தகத்தை, அந்த ஓகஸ்டோடு நின்றுபோன கடைசிப் பக்கத்தைத் திறந்து, ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் போதும். பக்கத்தில் கூட்டித் துடைத்தவர்களின் படம் ஒன்று, கிடைத்தால்.

என் தங்கையின் மகளுக்கு வருகிற வைகாசியில் அங்கேதான் கலியாணம். அழைப்பிதழின் தமிழ்ப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினாள். "மாமா, காஸில் எண்டதுக்குத் தமிழில என்ன போடுறது? அப்பா அரண்மனை எண்டு போடட்டாம்" என்று கேட்டாள். மேட்டு வீடு என்று போடலாம் என்றேன். அது ஏதோ கோப்பிக் கடைப் பெயர்போல இருக்கிறதாம். கடைசியில் 'காஸா லோமா' என்று மட்டும் தமிழெழுத்தில் அச்சாகியது. கீழே விலாசம்: இல. 1, ஒஸ்ரின் ரெறஸ். பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் பெயர்தான் தெருவுக்கு. டொமினியன் வங்கி 1955இல் ரொறொன்ரோ வங்கியோடு சேர்ந்து இன்றைக்கு டீடி என்ற பெயரில் இருக்கிறது, மருமகளின் சம்பளம் அதில்தான் விழுகிறது.